கொதிநீரில் கரையாத நூல்

அலவத்துகொட
19 ஜனவரி 1997

வீரம்மாவுக்கு,

ஆறாம் இலக்க ஆட்டின் நிலையை மாதம் ஒருமுறை எழுதும்படி மேசையில் ஒரு குறிப்பு விட்டுப் போயிருந்தீர்கள். அதன்படி எழுதுகிறேன்.

பல்கலைக்கழக வளாகத்து விலங்குக் கொட்டிலின் கூரையைக் கழற்றியிருக்கிறார்கள். திருத்த வேலை முடிய மாதங்கள் ஆகும். மற்ற ஐந்து ஆடுகளும் போன மழையில் சளி பிடித்துச் செத்த பிறகு, மிஞ்சிய இந்த ஒன்றையும் ஈரத்தில் விட்டுவைப்பது முட்டாள்தனம். ஆகவே வீட்டுக்குக் கொண்டுவந்து, பின்பக்க விறகுக் கொட்டிலில் கட்டியிருக்கிறேன். தம்பி பாரூக் தன் கடை லொறியில் ஏற்றிவந்தான். கட்டுகஸ்தோட்டைச் சோதனைச்சாவடியில் நின்ற சிப்பாய், காலில் மயிர் வழித்த ஆட்டை வளாகத்திலிருந்து எதற்காகக் கொண்டுபோகிறீர்கள் என்று கேட்டார். நோயாளி என்றேன். அவர் சிரிக்கவில்லை.

பதிவுக்காகச் சுருக்கமாக: ஓகஸ்ட் மாதம் நீங்கள் இதன் வலது பின்னங்காலில், குளம்புக்கு மேலே ஓடும் தசைநாணில் ஒரு விரல் அகலத் துண்டை வெட்டி எடுத்து, அந்த இடைவெளியில் மாட்டு நரம்பிலிருந்து திரித்த நம் கொலாஜன் நூல்களைக் கற்றையாக வைத்துத் தைத்தீர்கள். ஒக்டோபரில் மாக்கட்டு பிரித்தோம். இப்போது காலை ஊன்றுகிறது. இலேசாக நொண்டுகிறது, காலையில் கூடுதலாக, வெயில் ஏறியபின் குறைவாக. பலா இலை தின்கிறது. கொடியில் காய்ந்த என் படுக்கை விரிப்பின் ஒரு மூலையையும் தின்றது.

நூல் வேலையை நிறுத்தவில்லை. ஆனால் ஒருவர் ஊசிக்குழாயைத் தள்ள, இன்னொருவர் உப்புத் தண்ணீரிலிருந்து நூலை ஒரே வேகத்தில் இழுக்கவேண்டிய வேலை இது. தனியாகச் செய்தால் நூல் நடுவில் மெலிகிறது. மெலிந்ததை எறிந்துவிட்டு மறுபடி தொடங்குகிறேன். தேயிலைச் சாற்றில் ஊறிய புதிய நூலைக் கொதிநீரில் போட்டுப் பார்த்தேன். பழுப்பாகச் சுருண்டு கிடந்தது, கரையவில்லை. ஊறாத வெள்ளை நூல் சற்று நேரத்தில் கஞ்சியாகிவிட்டது. நீங்கள் தேத்தண்ணிச் சோதனை என்பீர்களே, அதுதான்.

நீங்கள் கிளம்பிய அன்று விமான நிலையத்துக்கு வர முடியவில்லை. பரீட்சை மேற்பார்வை இருந்தது.

ஹபீலா


பாமர்ஸ்டன் நோர்த்
நியூசிலாந்து
9 பெப்ரவரி 1997

அன்புள்ள ஹபீலா அக்கா,

எப்போதிலிருந்து நான் 'நீங்கள்' ஆனேன்? ஏழு வருஷம் ஒரே மேசையில் மாட்டு நரம்பு அரைத்திருக்கிறோம். கடல் தாண்டினால் மரியாதை கூடிவிடுமா?

பரீட்சை அடுத்த நாள்தான் என்று எனக்கும் தெரியும். விடுங்க.

டீன் எப்படி இருக்கார்? ஆறாம் இலக்கம் என்று சொன்னது நீங்கள்தான். நம் பீடாதிபதியின் தாடிபோல இருந்ததால் டீன் என்று பெயர் வைத்தது நான். இரண்டையும் கூப்பிட்டுப் பாருங்க, எதற்குத் திரும்புகிறார் என்று. விரிப்பைத் தின்றதற்கு ஏசினீர்களா? ஏசியிருப்பீங்க. ஏசினால் அவருக்குப் பிடிக்கும். அவரோடு யாராவது கதைத்துக்கொண்டே இருக்கணும்.

இங்கே மனிதரைவிடச் செம்மறிகள் கூட. வெள்ளிக்கிழமை மாலை ஆய்வுகூடக் கதவைச் சாத்தினால் எல்லோரும் எங்கேயோ போய்விடுகிறார்கள். எங்கே என்று எனக்கு இன்னும் தெரியாது. நான் அறைக்குப் போகிறேன். இரண்டு நாள் யாரோடும் பேசாமல் இருந்துவிட்டு, திங்கட்கிழமை 'குட் மோர்னிங்' சொல்லும்போது தொண்டை கரகரக்கிறது. தடிமனா, சளி பிடித்ததா என்று கேட்கிறார்கள். ஆமாம் என்கிறேன்.

நூல் இழுக்க இங்கே ஓர் இயந்திரம் இருக்கிறது. அது களைப்பதும் இல்லை, தும்முவதும் இல்லை. நூல் நடுவில் மெலிவதே கிடையாது. நான் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஹேவாஹெட்டயில் அம்மா, நான் ஏதோ தையல் படிப்புக்கு வந்திருக்கிறதாக தோட்டத்து லயத்தில் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறாங்களாம். மாட்டிறைச்சி ஏறாத வீட்டில் பிறந்தவள் மாட்டு நரம்பைக் கரைத்து நூல் திரிக்கிறாள் என்று சொல்ல வாய் வராது, பாவம்.

இப்போ விஷயம். என் புலமைப்பரிசில் ஜூனில் முடிகிறது. நீட்டித் தரவேண்டுமென்றால் அச்சுக்கு ஏற்ற ஒரு கட்டுரையாவது காட்டவேண்டும் என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். டீன் நடக்கிறார். ஒரு விரல் அகலம் தசைநாண் இல்லாத காலை ஊன்றி நடக்கிறார். அது போதாதா? கட்டுரையை எழுதி இதோடு வைத்திருக்கிறேன். நூல் செய்தவர் நீங்கள், உங்கள் கையெழுத்து இல்லாமல் அனுப்ப முடியாது. வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்க அக்கா. வழக்கம்போல ஓரத்தில் சிவப்பு மையால் குத்தவேண்டாம்.

உங்கள்
வீரம்மா


அலவத்துகொட
27 பெப்ரவரி 1997

வீரம்மாவுக்கு,

கட்டுரையை வாசித்தேன். நன்றாக எழுதப்பட்டிருக்கிறது. கையெழுத்திட மாட்டேன்.

காரணம் உங்களுக்குத் தெரியும். நம் முதல் வருட நூல்களை உலர்ந்த நிலையில் இழுத்துப் பார்த்துவிட்டு எவ்வளவு சந்தோஷப்பட்டோம். பிறகு உப்புத் தண்ணீரில் ஊறவைத்து இழுத்தபோது நனைந்த காகிதம்போல வந்தது. உலர்ந்த நூல் யாரையும் ஏமாற்றும். உடம்புக்குள் எதுவும் உலர்ந்திருப்பதில்லை.

ஆடு நடக்கிறது என்பதும் உலர்ந்த நூலைப் போன்றதுதான். நம் நூல் உள்ளே வேற்றுப் பொருளாக அப்படியே கிடக்க, பக்கத்துத் தசைநாண்களை வைத்து ஆடு சமாளிக்கலாம். வெறும் தழும்பு வளர்ந்து மூடியிருக்கலாம். நாம் சொல்ல ஆசைப்படுவது வேறு. நம் நூலை உடம்பு மெல்லத் தின்றுவிட்டு, அதே இடத்தில் தன் சொந்த நாரை நெய்திருக்கிறது என்று சொல்ல ஆசைப்படுகிறோம். அதைச் சொல்வதென்றால் ஏப்ரலில், எட்டு மாதம் நிறைந்ததும், ஆட்டைக் கொன்று அந்தத் தசைநாணை எடுத்து, ஈரமாகவே இயந்திரத்தில் பிடித்து அறும்வரை இழுக்கவேண்டும். இது நாம் இருவரும் சேர்ந்து எடுத்த முடிவு.

ஓர் ஆடு எதையும் நிரூபிக்காது. அந்த ஒன்றும் இல்லையென்றால், நிரூபிக்கவில்லை என்று சொல்லக்கூட நம்மிடம் எதுவும் இருக்காது.

ஆறாம் இலக்கம் இரண்டு பெயருக்கும் திரும்புவதில்லை. இலை முறிக்கும் சத்தத்துக்குத் திரும்புகிறது.

ஹபீலா


பாமர்ஸ்டன் நோர்த்
16 மார்ச் 1997

மதிப்புக்குரிய கலாநிதி ஹபீலா அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. கையெழுத்திடாத கட்டுரையும், ஓரத்தில் சிவப்பு மையும் கிடைத்தன.

ஏப்ரலில் அறுத்து, இழுத்து, எழுதி, அனுப்பி, அவர்கள் வாசித்து முடிக்கும்போது ஜூன் போய்விடும். அது உங்களுக்குத் தெரியாமலில்லை. சரியாக இருப்பது உங்களுக்கு எப்போதும் என்னைவிட முக்கியம். அதை நான் குறையாகச் சொன்னதில்லை. இன்றைக்குச் சொல்கிறேன்.

ஒரு பொருளை இழுத்து அறுத்துப் பார்க்கும்வரை நீங்கள் அதை நம்பமாட்டீங்க. நூலை மட்டும் சொல்லவில்லை. எனக்கு இந்த இடம் கிடைத்தபோது எல்லோரும் வந்து கைகுலுக்கினார்கள். நீங்கள் மட்டும், போனால் திரும்பி வருவாயா என்று கேட்டீர்கள். வருவேன் என்றேன். பார்ப்போம் என்றீர்கள். அதற்குப் பிறகு நான் கிளம்பும் நாள்வரை வேலையைத் தவிர வேறு பேச்சில்லை. அறுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

ஆட்டை ஹேவாஹெட்டயில் என் சித்தப்பாவிடமிருந்து வாங்கி வந்தது நான். வளாகத்துக்கு அதில் பங்கில்லை. இனி அது உங்களுடையது. அறுத்துக்கொள்ளுங்கள். கொல்லும் ஊசியைப் போடக் கால்நடை வைத்தியர் சந்திரிகாவைக் கேளுங்கள், நிதானமான கை. முடிவை எழுதினால் போதும்.

வீ. வீரம்மா


அலவத்துகொட
6 ஏப்ரல் 1997

வீரம்மா,

உன் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். பதில் சொல்லக்கூடியவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

சந்திரிகா ஊசி போட ஒப்புக்கொண்டாள். ஆனால் இழுக்கும் இயந்திரத்துக்குப் பொறுப்பான செல்லப்பா புத்தாண்டுக்கு ஹட்டனுக்குப் போய்விட்டார். அறைப் பூட்டின் திறப்பு அவரிடம். போகுமுன் என்னிடம் வந்து, மிஸ், உங்க ஆட்டுக்கு இன்னும் ரெண்டு கிழமை ஆயுசு இருக்கு, போய்ச் சொல்லுங்க என்றார். தசைநாணை எடுத்து உறைய வைக்கலாம்தான். மின்சாரம் இருக்கும் நிலையில் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அன்று எடுத்து அன்றே இழுக்கவேண்டும். ஆகவே விடுமுறை முடிந்து வரும் வாரத்துக்குத் தள்ளிவைத்தோம்.

நாள் தள்ளிப்போனதில் எனக்கு வருத்தமில்லை என்று எழுதினால் நீ அதை வேறு விதமாக வாசிப்பாய். ஆகவே அதை எழுதவில்லை.

நொண்டல் இல்லை. காலையிலும் இல்லை, சரிவில் ஏறும்போதும் இல்லை. வீட்டுக்குப் பின்னால் மிளகுக்கொடிப் பக்கம், பள்ளிவாசலுக்குப் போகும் செங்குத்தான ஏற்றம் ஒன்று இருக்கிறதே, அதில் நடத்திப் பார்க்கிறேன். தினமும் மாலையில் போய்வருகிறோம். மழை பெய்தால் குடையோடு. இது அவதானிப்புக்காக.

கொட்டிலில் இப்போது இன்னோர் ஆடும் நிற்கிறது. ஹஜ்ஜுப் பெருநாளில் குர்பான் அறுப்பதற்காகப் பாரூக் மாத்தளைப் பக்கத்திலிருந்து வாங்கியது. அவன் வளவில் இடம் இல்லை. வெள்ளை, திமிர் பிடித்தது. டீன் அதற்குத் தன் இலையை விட்டுக்கொடுக்கிறார்.

பாரூக் வாசலில் நின்று என்னைக் கேலி செய்தான். அவன் என்னைத் தாத்தா என்று கூப்பிடுவதைக் கேட்டு நீ சிரிப்பாயே. எங்கள் பக்கத்தில் அக்காவுக்கு அதுதான் பெயர் என்று எத்தனை முறை சொன்னாலும் சிரிப்பாய். "தாத்தா, மாப்பிள்ளைக்குச் செய்ற மாதிரி செய்றீங்க" என்றான். எனக்குக் கோபம் வந்தது. எப்படியும் இதையும் அறுக்கத்தான் போகிறோம் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.



ஹபீலா


பாமர்ஸ்டன் நோர்த்
10 ஏப்ரல் 1997

அக்கா,

இது புத்தாண்டு அட்டை. படத்தில் பனிமலை மட்டும்தான் கிடைத்தது.

போன கடிதம் கொஞ்சம் சூடு. தபாலில் போட்ட பிறகு பெட்டிக்குள் கை விட்டுப் பார்த்தேன், எட்டவில்லை. இங்கே பெட்டிகளை ஆழமாகச் செய்கிறார்கள்.

டீனுக்கு ஊசி போடுகிற அன்றைக்கு முதலில் பலா இலை கொடுங்க. பசியோடு வேண்டாம்.

வீரம்மா


அலவத்துகொட
20 ஏப்ரல் 1997

வீரம்மா,

ஆடு போய்விட்டது. சோதனை நடக்கவில்லை. இனி நடக்கவும் முடியாது. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

பெருநாளுக்கு முதல் நாள் இடி மழையில் மின்சாரம் போனது. குளிரறையில் இருந்த கொலாஜன் கூழ் சூடானால் இந்த வருடத்து வேலை முழுவதும் தண்ணீராகிவிடும். ஆகவே பெருநாள் காலையில், கண்டியில் ஐஸ் வாங்கிக்கொண்டு வளாகத்துக்குப் போனேன். பெருநாளன்றும் மாட்டு நரம்புக்குக் காவலா என்று பாரூக் கேட்டான்.  கூழ் தப்பியது.

மத்தியானம் தாண்டித் திரும்பியபோது கொட்டிலில் வெள்ளை ஆடு மட்டும் நின்றது.

பாரூக்கின் வீட்டில் இறைச்சியைப் பங்குபோட்டு முடித்திருந்தார்கள். அவன் கையைக் கழுவிக்கொண்டு சிரித்தபடி வந்தான். அவன் சொன்னது இது. தொழுகை முடிந்து, பள்ளிவாசல் லெப்பை ஸெய்னுலாப்தீன் பள்ளி முற்றத்தில் ஆடுகளைப் பார்த்தார். குர்பானுக்குக் கொடுக்கும் ஆட்டுக்குக் குருடு, நோய், நொண்டல் எதுவும் இருக்கக்கூடாது. வெள்ளை ஆட்டை நடத்திப் பார்த்தார்கள். "இது நொண்டியா ஈக்குதே பாரூக், ஆகாது" என்றுவிட்டாராம். லொறித் தகடு காலை வெட்டியிருக்கிறது. பாரூக் கவனிக்கவில்லை. கொட்டிலில் பக்கத்தில் இருந்துகொண்டு நானும் கவனிக்கவில்லை. எனக்கு வேறு ஆட்டின் கால்தான் கண்ணில் இருந்தது.

அப்போது அவனுக்கு நான் வாசலில் சொன்ன வார்த்தை நினைவுக்கு வந்திருக்கிறது. எப்படியும் அறுக்கத்தான் போகிறோம் என்று சொன்னேன் அல்லவா. வெள்ளை ஆட்டைக் கொட்டிலில் விட்டுவிட்டு டீனைக் கொண்டுபோய்க் காட்டினான். லெப்பை பல்லைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், காதைப் பார்த்தார். பள்ளிச் சுவரோரம் மேலும் கீழும் நடத்தினார். நான்கு காலையும் தடவிப் பார்த்தார். வலது பின்னங்காலில் கை நின்றதாம். பழைய காயம், ஆறிவிட்டது, குறை ஒன்றும் இல்லை என்றாராம்.

வீரம்மா, ஸெய்னுலாப்தீன் லெப்பையை உனக்குத் தெரியாது. போன வருடம் சொந்த மருமகனின் ஆட்டையே திருப்பி அனுப்பியவர். நம் துறையில் கட்டுரைகளைத் திருப்பி அனுப்பும் எவரும் அவர் அளவுக்குக் கடுமையானவர் இல்லை. குறை ஒன்றும் இல்லை என்று வேறொருவர் வாயால் கேட்கத்தான் நாம் ஏழு வருடம் வேலை செய்தோம். அது சொல்லப்பட்டபோது நான் ஐஸ் கட்டிகளை எண்ணெய்த் துணியில் சுற்றிக்கொண்டிருந்தேன்.

பாரூக் பக்கத்தில் வந்தான். குரலைத் தாழ்த்திச் சொன்னான். "தாத்தா, உங்க பேர்லதான் கொடுத்தேன். உங்களுக்குன்னு யார் கொடுக்கப் போறாங்க?"

அவனை ஏச நினைத்து வாயைத் திறந்தேன். கால்கள் எங்கே என்று மட்டும் கேட்டேன்.

கால்களை, கோயில்பாதைச் சரிவில் தனியாக இருக்கும் ஆஸியா உம்மாவுக்கு அனுப்பியிருந்தார்கள். அவருக்கு முழங்கால் வலி, பெருநாள் தோறும் சூப்புக்குக் கால் கேட்பார். நான் போனபோது அடுப்பில் பானை கொதித்துக்கொண்டிருந்தது. "புள்ள, பெருநாளைக்கு நீங்க வருவீங்கன்னு நினைக்கயே இல்ல, இரிங்க" என்று கதிரையைத் துடைத்தார். வலது பின்னங்கால் எது என்று கேட்டேன். அவர் பானையின் மூடியைத் திறந்தார். "ஆட்டுக்கு நாலு கால்தானே புள்ள. நாலும் உள்ளதான் ஈக்குது. அவிஞ்ச பொறகு வலதென்ன, இடதென்ன?"

அகப்பையை வாங்கி ஒவ்வொரு துண்டாக எடுத்துப் பார்த்தேன். வெட்டித் துண்டு போட்ட எலும்புகள். தோலும் தசைநாணும் கரைந்து, எலும்பைத் தொட்டால் விரல் ஒட்டியது. பிறகு அனுமதி கேட்டுப் பானை முழுவதையும் அவருடைய தேங்காய்ப்பால் வடியால் வடித்தேன். தேத்தண்ணிச் சோதனை உனக்கு நினைவிருக்கும். சாதாரண கொலாஜன் கொதியில் கரையும். தேயிலையில் ஊறிய நம் நூல் கரையாது, பழுப்பாகச் சுருண்டு கிடக்கும். ஆட்டின் காலுக்குள் நம் நூல் நூலாகவே இருந்திருந்தால் அந்த வடியில் இருக்கவேண்டும்.

இருக்கவில்லை. மிளகும் ஒரு கறுவாப்பட்டைத் துண்டும் இருந்தன. அந்தப் பட்டையை நான் விளக்கடியில் கொண்டுபோய்ப் பார்த்தேன்.

இது எதையும் நிரூபிக்காது. கழுவும்போது போயிருக்கலாம். பூனை இழுத்திருக்கலாம். அவ்வளவு நேரம் கொதித்தால் நம் நூலும் கரையலாம், நாம் அத்தனை நேரம் கொதிக்கவைத்துப் பார்த்ததில்லை. நூல் காணப்படவில்லை என்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.

உன் அட்டை அடுத்த நாள் வந்தது. பலா இலை: பஸ்ஸுக்குப் போகுமுன் ஒரு கட்டுப் போட்டுவிட்டுத்தான் போனேன். உனக்குத் தெரியவேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

கடைசியாக ஒன்று. ஆடு உன்னுடையது என்று பாரூக்குக்குத் தெரியாது. நான் சொன்ன பிறகு லெப்பையிடம் ஓடினான். உரியவர் மனம் ஒப்பாவிட்டால் அது குர்பான் ஆகாது என்று அவர் சொல்லியிருக்கிறார். தன் வீட்டுப் பங்கைப் பாரூக் உப்புக்கண்டம் போட்டுக் காயவைத்திருக்கிறான், அதைத் தானும் தொடவில்லை, வீட்டில் எவரையும் தொடவிடவில்லை. இனி அது உங்களுடையது என்று மார்ச்சில் எழுதியிருந்தாய். கோபத்தில் எழுதியதைக் கொடை என்று எடுத்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. அதனால் கேட்கிறேன், மனம் ஒப்பித்தான் தந்தாயா?

உன் ஜூன் மாதத்துக்கு என்னிடம் தர எதுவும் இல்லை. கட்டுரையில் கையெழுத்து வேண்டுமென்றால் இப்போதும் போட முடியாது. அதையும் சொல்லிவிடவேண்டும்.

ஹபீலா


பாமர்ஸ்டன் நோர்த்
5 மே 1997

ஹபீலா அக்கா,

முதலில் பாரூக் தம்பிக்கு. ஆடு அக்காவுடையது. கோபத்தில் எழுதினேன், உண்மைதான். இப்போ கோபம் இல்லாமல் எழுதுகிறேன். அந்தக் கடிதம் எழுதிய நாளிலிருந்தே கொடுத்ததுதான், முழு மனதோடு. லெப்பை ஐயாவிடம் இதைக் காட்டச் சொல்லுங்க. தம்பியைச் சாப்பிடச் சொல்லுங்க. அக்காவுக்காக ஒருத்தர் யோசித்துக் கொடுத்ததை நான் கெடுக்கமாட்டேன்.

அழுதேன். டீனுக்காக என்று நினைத்தேன். பிறகு நீங்கள் கறுவாப்பட்டையை விளக்கடியில் வைத்துப் பார்த்ததை மறுபடி வாசித்துச் சிரிப்பு வந்தது. சிரித்த பிறகுதான் இன்னும் கூட அழுதேன்.

பேராசிரியரிடம் சொன்னேன். சூப், லெப்பை, எல்லாவற்றையும். மரியாதையாகக் கேட்டார். மிகவும் சுவாரசியம் என்றார். எங்கள் ஊரில் இது சாட்சி, இங்கே இது கதை. ஜூனோடு பரிசில் முடிகிறது. நீங்கள் கையெழுத்துப் போட்டிருந்தால் நான் அனுப்பியிருப்பேன். இப்போது அனுப்பாததில் ஒரு நிம்மதி. இதை நீங்கள் எனக்கெதிராகப் பாவிக்கக்கூடாது.

தெற்கில் ஒரு பெரிய செம்மறிப் பண்ணையில் நிரந்தர வேலை இருக்கிறதாம். குளம்பு நோய் பார்ப்பது. சம்பளம், வீடு, எல்லாம். ஜூன் கடைசிக்குள் பதில் சொல்லவேண்டும். போய்ப் பார்த்தேன். வீட்டுக்கு ஜன்னல் எல்லாம் பெரிசு. பக்கத்து வீடு கண்ணுக்குத் தெரியாது.

ஒன்று நீங்கள் எழுதவில்லை. கொட்டிலில் இருந்து பள்ளிவரைக்கும் அந்த ஏற்றம். அவரை இழுத்துக்கொண்டு போனாங்களா, தானாக நடந்தாரா?

வீரம்மா


அலவத்துகொட
22 மே 1997

வீரம்மா,

பாரூக்கிடம் கேட்டேன். தானாக நடந்ததாம். கயிறு தொய்ந்தே இருந்ததாம். ஏற்றத்தில் அது முன்னால் போக இவன்தான் மூச்சு வாங்கினானாம். மாலையில் நடந்து பழகிய பாதை, அதனால்தான் என்று நினைக்கிறேன். கடைசியில் லெப்பையின் தொப்பியைத் தின்னப் பார்த்திருக்கிறது.

உன் கடிதத்தைப் பாரூக் லெப்பையிடம் கொண்டுபோய்க் காட்டினான். அவர் கண்ணாடி போட்டு முழுவதையும் வாசித்துவிட்டு, நல்ல பிள்ளை, ஊரிலா இருக்கிறாள் என்று கேட்டாராம். இல்லை என்று சொல்லியிருக்கிறான். உனக்கென்று எடுத்து வைக்க முடியாத பங்கை ஆஸியா உம்மாவுக்கே கொடுத்துவிட்டார்கள்.

நீ கேட்காத ஒன்றையும் எழுதுகிறேன். அன்று பானையை வடித்து முடித்த பிறகு ஆஸியா உம்மா எனக்கும் ஒரு கோப்பை ஊற்றி வைத்தார். நான் பெருநாளுக்கு வந்த விருந்தாளி என்றுதான் அவர் கடைசிவரை நினைத்தார். குடித்தேன். உப்புச் சற்றுக் கூடுதல். உதடு ஒட்டியது. அவர் என்னோடு இருட்டும்வரை தன் முழங்காலைப் பற்றிக் கதைத்தார், நானும் இருந்தேன். இப்போது வெள்ளிக்கிழமைகளில் போகிறேன். இது அவதானிப்புக்காக அல்ல.

போனால் திரும்பி வருவாயா என்று நான் கேட்டது, வரமாட்டாய் என்று நினைத்ததால் அல்ல. வேறு விதமாகக் கேட்க எனக்குத் தெரியவில்லை. அவ்வளவுதான்.

விலங்குக் கொட்டிலுக்குக் கூரை போட்டாயிற்று. நல்ல தகடு, ஒழுகவில்லை. ஒரு மழை பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

வெள்ளை ஆடு இன்னும் என் வீட்டில்தான் நிற்கிறது. குர்பானுக்கு ஆகாததைப் பாரூக் விற்கப் பார்த்தான், நான் வேண்டாம் என்றேன். சந்திரிகா வந்து காலைப் பார்த்தாள். வலது பின்னங்கால், ஏறக்குறைய அதே இடம். தசைநாண் பாதிக்குமேல் அறுந்து, முனைகள் விலகிவிட்டன. தானாகச் சேராது என்கிறாள். அவள் மாட்டு வைத்தியம் செய்பவள். இவ்வளவு சிறிய இடத்தில் தைக்கும் கை தனக்கில்லை என்று நேராகச் சொல்லிவிட்டாள். அவசரமில்லை, ஆனால் ஆவணிக்குப் பிந்தினால் கால் வளைந்து இறுகிவிடும் என்றாள்.

நூல் இருக்கிறது. தனியாக இழுத்தது. மெலிந்ததையெல்லாம் எறிந்த பிறகு ஒரு கற்றைக்குப் போதுமானது மிஞ்சியிருக்கிறது. ஈரமாக வைத்து இழுத்துப் பார்த்தேன். தாங்குகிறது. பிடித்துக்கொள்ள என்னால் முடியும். தைக்கத் தெரியாது.

பண்ணைக்காரருக்கு என்ன பதில் எழுதுவது என்று நீ என்னிடம் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

இந்த ஆட்டுக்கு நான் இலக்கம் கொடுக்கவில்லை. பெயர் வைப்பது உன் வேலை.

ஹபீலா